பாதி ரோட்டில் நின்ற டீச்சர்

முப்பது வருஷம் விசிலடித்துப் பிள்ளைகளை ஓடவிட்டவர் டிரில் டீச்சர். ஓய்வு பெற்ற மறு வருஷமே பார்கின்சன் நோய் வந்து சேர்ந்தது. கை நடுக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. கால்தான் மானத்தை வாங்கியது. வாசலைக் கண்டால், கூட்டத்தைக் கண்டால், பாதம் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். மனசு போ போ என்று விரட்டும். கால் காதிலேயே போட்டுக்கொள்ளாது.

இரண்டு மாதம் முன்பு, மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு பட்டைகளை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டாள். குதிகால் எழும்பினால் போதும், ஷூவுக்குள் இருக்கும் சுவிட்ச் வேலை செய்து நரம்பில் மின்சாரம் சுருக்கென்று பாயும். முன்பாதம் தானாக உயரும்.

"பெட்டி மேல இருக்கற இந்தப் பட்டன் சோதிச்சுப் பாக்கறதுக்கு மட்டும், டீச்சர். உக்காந்துக்கிட்டுதான் அமுக்கணும். நின்னுக்கிட்டு அமுக்கினா விழுந்துடுவீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று நடையை அளக்கும் நாள். முன்னேற்றம் இல்லையென்றால் கருவியைத் திருப்பித் தரவேண்டும். மருத்துவமனைக்கு எதிரே அவரை இறக்கிவிட்ட தம்பி, "இங்கேயே இரு, அக்கா. வண்டிய உள்ள விட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

டீச்சருக்கு ஏது பொறுமை? பச்சை விழுந்ததும் இறங்கிவிட்டார். பாதி ரோட்டை மளமளவென்று கடந்துவிட்டார். குறுக்கே ஒருவன் தள்ளுவண்டியோடு பாய்ந்தான். கால் உறைந்துவிட்டது.

சிக்னல் கம்பத்தில் மிச்ச விநாடி ஒன்பது. எட்டு. குதிகாலை எழுப்பிப் பார்த்தார், அசையவில்லை. குதிகால் எழாமல் மின்சாரம் எங்கிருந்து வரும்? நாலு. மூன்று. பேருந்து உறுமியது.

"என்னம்மா, நடு ரோட்டுல தூக்கமா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"அக்கா!" மருத்துவமனைப் பக்கம் தம்பி நின்று அலறினான். அவனுக்கு முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கிவிட்டன. ஹாரன் காதைப் பிளந்தது.

டீச்சர் பட்டனை அமுக்கினார்.

முன்பாதம் வெடுக்கென்று எழும்பியது. உடம்பு பின்னால் சாய்ந்தது, வானம்தான் தெரிந்தது. எப்படியோ இடது காலில் பாரத்தைப் போட்டார். வலது கால் ஒரு சாண் முன்னால் விழுந்தது. அந்த ஒரு சாண் போதும். அடுத்த அடி, அதற்கடுத்த அடி. ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. தம்பி அவரை அள்ளி நடைபாதையில் ஏற்றினான்.

"உனக்கு அறிவிருக்கா? என் உசுரே போயிடுச்சு!" அவன் குரல் உடைந்தது.

"போனது உன் உசுருதானே. என்னோடது இருக்கு" என்றார் டீச்சர்.

படியேறும்போது தம்பி கிசுகிசுத்தான்: "உள்ள போய் இதெல்லாம் சொல்லாதே. பிடுங்கிக்குவாங்க."

டீச்சர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். பிசியோ பெண்ணின் முகம் வெளுத்தது. பத்து மீட்டர் நடக்கச் சொன்னாள். கருவி இல்லாமல் பதினாறு விநாடி, கருவியோடு பதினொன்று.

"நடை நல்லாவே தேறியிருக்கு, டீச்சர். கருவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா கால் உறையறத இது நிறுத்தல. இன்னைக்கு நீங்க தப்பிச்சது அதிர்ஷ்டம். இனி தனியா ரோட்டுல இறங்கமாட்டேன்னு சொல்லுங்க."

டீச்சர் குனிந்து ஷூவை இறுக்கிக்கொண்டார். யாரிடமும் அடங்கிப் பழகாதவர்.

"இறங்கமாட்டேன்."

வெளியே வந்ததும் முழங்கையைத் தம்பி பக்கம் நீட்டினார். "பிடிச்சுக்கோ. ஆனா இழுத்தே, அறைஞ்சுடுவேன்."