தலைக்கனமும் இரண்டு முள்கரண்டிகளும்

பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த அன்று தணிகாசலத்தின் தலை நாலரைக் கிலோ கூடியது. அரக்கோணத்தில் யாருக்குப் பதவி வந்தாலும் கொஞ்சம் தலைக்கனம் வருவதுதான். ஆனால் இவன் கழுத்து ஒல்லி. வணக்கம் சொல்லக் குனிந்தால் அப்படியே முன்னால் விழுந்தான்.

விழுகிறவர்களுக்கு அவன் அலுவலகத்தில் தெளிவான விதி இருந்தது. கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்க வருபவரின் நெற்றியில் பொறியாளர் ஒரு விரலை வைத்து மூன்று முறை தள்ளுவார். விழுந்தால் பழைய நாற்காலிதான். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி. தணிகாசலத்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி ஐம்பது கிராம்கூட இல்லாததால் அது தலைக்கு ஈடாகவில்லை.

அவன் அக்கா மரகதம் எதையும் செய்து பார்த்தே நம்புகிறவள். ஒரு சின்ன உருளைக்கிழங்கில் ஈர்க்குச்சியைச் செருகி, குச்சியின் நுனியை டம்ளர் விளிம்பில் வைத்தாள். விழுந்தது. பிறகு கிழங்கின் இரு பக்கமும் முள்கரண்டிகளைக் கீழ்நோக்கிக் குத்தி வைத்தாள். நின்றது. ஊதிப் பார்த்தாள். ஆடியதே தவிர விழவில்லை.

“பாத்தியா தம்பி, கனம் கீழ இருந்தா எதுவும் விழாது. உனக்கு ஒரு கால்கட்டு போட்டாத்தான் சரிப்படும்.”

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனார்கள். உருளைக்கிழங்கையும் கொண்டுபோனார்கள். பெண் பூங்கோதை, பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். தன் எடை ஐம்பத்திரண்டு என்று தானே சொன்னாள். பிறகு ஒரு முள்கரண்டியை மட்டும் உருவினாள். கிழங்கு சாய்ந்து விழுந்தது. ஒரு காலுக்கு நான் சரி, இன்னொரு காலுக்கு யார் என்று கேட்டாள். பெண்ணைக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் எங்கே போகப்போகிறேன் என்று அவள் அம்மா எழுந்து வந்தார். முதலில் மாப்பிள்ளை நிற்கிறாரா பார்ப்போம், தேதியை அப்புறம் குறிக்கலாம் என்று முடிவாயிற்று.

திங்களன்று தணிகாசலம் வலது காலில் பூங்கோதையும் இடது காலில் அவள் அம்மாவும் கட்டப்பட்டிருக்க, அலுவலகத்தின் நடுவே காலை அகட்டி நின்றான். பொறியாளர் தள்ளினார். ஆடினான், நிமிர்ந்தான். மூன்று முறையும் அப்படியே. அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பொறியாளர் எதையும் பாதியில் விடாதவர். தூக்குக்குண்டு வரவழைத்து மூவரையும் சேர்த்து அளந்தார். ஈர்ப்பு மையம் தணிகாசலத்தின் உடம்பில் இல்லை. பெண்கள் மேலும் இல்லை. அவனுடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்தது.

“விழாம நின்னது அதுதாங்க. பதவி அதுக்குத்தான் சேரும்” என்றார்.

காலியிடம் காலியிடத்தால் நிரப்பப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். தணிகாசலத்தின் தலை அப்போதே நாலரைக் கிலோ குறைந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கட்டை அவிழ்த்து நகர்ந்தான். அந்த இடத்தில் நாற்காலி போட்டு, பெயர்ப்பலகை வைத்தார்கள்.

மதியத்துக்குள் அந்த நாற்காலிக்கு அவன் எழுதி அனுப்பிய குறிப்பு மூன்று திருத்தங்களுடன் திரும்பி வந்தது. பூங்கோதை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். திருத்திய கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

“இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?” என்று கேட்டாள்.

தணிகாசலம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இன்னும் இல்லை என்றான்.