ஆயிரத்து இருநூற்று ஆறு

வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனி பஸ் ஓசூர் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சாந்தகுமாரி செல்போனில் பட்டியலைத் திறந்தாள். அவளுடைய பொம்மசந்திரா அணி ஐந்தாம் இடம்! ஞாயிற்றுக்கிழமை வரை நான்காவதாக இருந்த அணி, அதற்கப்புறம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அது பெங்களூரு கம்பெனிப் பெண்களுக்கான வாலிபால் லீக். பன்னிரண்டு அணிகளில் முதல் நான்குதான் இறுதிச் சுற்றுக்குப் போகும். போனால் ஆட்டக்காரிகள் எல்லோரையும் நிரந்தரமாக்குவதாக ஃபேக்டரியில் எழுதியே கொடுத்திருந்தார்கள். கேப்டன் சாந்தகுமாரிக்குக் கவலையில்லை, அவள் ஏற்கெனவே பர்மனென்ட். பக்கத்து சீட்டில் இருந்த பிரபாவுக்குத்தான் இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. அவளைப் போல இன்னும் ஆறு பேர்.

உலகத் தரவரிசையில் நாடுகளுக்குப் போடுகிற மாதிரியே இங்கும் கணக்கு என்று லீக் செயலாளர் ப்ரஹ்லாத் தொடக்க நாளில் மைக்கைப் பிடித்துப் பீற்றிக்கொண்டிருந்தார். இரண்டு அணிகளின் புள்ளிகளையும் வைத்து யார் ஜெயிப்பார்கள் என்று கணக்கு முன்கூட்டியே எதிர்பார்க்கும். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைத் தோற்கடித்தால் புள்ளியை அள்ளலாம். எதிர்பார்த்தபடியே ஜெயித்தால் ஏதோ கொஞ்சம். ஆட்டம் முடிந்த சூட்டோடு பட்டியல் மாறும். ஜெயித்தவருக்கு எவ்வளவு ஏறுகிறதோ, தோற்றவருக்கு அவ்வளவும் இறங்கும்.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் ப்ரஹ்லாத் மறந்துவிட்டார், சாந்தகுமாரி மறக்கவில்லை. தலா நூறு புள்ளியோடு தொடங்கிய பன்னிரண்டு அணிகள், எத்தனை ஆட்டம் ஆடினாலும் மொத்தம் ஆயிரத்து இருநூறுதான் வரவேண்டும். பஸ்ஸிலேயே கூட்டினாள். ஆயிரத்து இருநூற்று ஆறு வந்தது. நூற்று நான்கில் இருந்த வைட்ஃபீல்ட் அணி நூற்றுப் பத்துக்குத் தாவியிருந்தது. லீக்கை ஸ்பான்சர் செய்கிற கம்பெனியின் அணி அது. வேறு என்ன சொல்ல!

உடனே ப்ரஹ்லாதுக்குப் போன் போட்டாள்.

"வைட்ஃபீல்டுக்கு ஆறு பாயின்ட் எங்க இருந்து சார் வந்துச்சு?"

"நேத்து புதன்கிழமை ஒரு மேட்ச் ஜெயிச்சாங்கம்மா."

"யார்கிட்ட? தோத்தவங்களுக்கு ஆறு குறையணும் இல்ல? ஒருத்தருக்கும் குறையலையே. டோட்டல் ஆறு அதிகமா நிக்குது."

எதிர்முனையில் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாஃப்ட்வேர் மிஸ்டேக்கா இருக்கும். சரி பண்ணிடறேன்" என்றார்.

சரியும் பண்ணினார், புண்ணியவான். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் கச்சிதமாக ஆயிரத்து இருநூறு. பொம்மசந்திராவுக்கு நூற்று எட்டு போய் நூற்று இரண்டு. கீழே ஒரு வரி: 'புதன்கிழமை, பொம்மசந்திரா அணி ஆட்டத்துக்கு வரவில்லை. வைட்ஃபீல்ட் வெற்றி.' அப்படி ஒரு ஆட்டம் இருப்பதாக அவர்களுக்கு ஒரு மெசேஜ்கூட வந்திருக்கவில்லை. பிரபா செல்போனை வாங்கி அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். அதைப் பார்த்துத்தான் சாந்தகுமாரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

மறுநாள் காலையிலேயே ஒக்கலிபுரத்தில் இருந்த லீக் ஆபீஸ் மாடியேறினாள். இறுதிச் சுற்றுக்கான ஜெர்சி வாங்க வைட்ஃபீல்ட் கேப்டன் சௌம்யாவும் வந்திருந்தாள். சாந்தகுமாரி ஃபேக்டரியின் வருகைப் பதிவான பஞ்ச் ஷீட்டை மேஜைமேல் அறைந்தாள்.

"புதன்கிழமை நாங்க அத்தனை பேரும் செகண்ட் ஷிஃப்ட். பாருங்க, டைம் போட்டிருக்கு."

ப்ரஹ்லாத் அதை நிதானமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதுவே சொல்லுதேம்மா, நீங்க கிரவுண்டுக்கு வரலைன்னு."

எவ்வளவு நெஞ்சழுத்தம்! அவள் கொண்டுவந்த காகிதத்தாலேயே அவள் வாயை அடைக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தவள், சட்டென்று சௌம்யா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. முந்தாநாள் கிரவுண்டுல எங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

சௌம்யா விழித்தாள். "முந்தாநாளா? எங்களுக்கு டீம் அவுட்டிங் அக்கா. எல்லாரும் நந்தி ஹில்ஸ்ல இருந்தோம். மேட்ச் எதுவும் இல்லையே."

"நீ சும்மா இரும்மா!" என்று ப்ரஹ்லாத் வெடித்தார். "உங்களுக்காகத்தானே இதைச் செஞ்சேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சௌம்யாவின் முகம் சிவந்தது. சாந்தகுமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"இப்ப அந்த ஆறை எங்க பேர்ல திருப்பிப் போடுங்க சார். நூத்தியெட்டு வந்து உக்கார்றதைப் பாத்துட்டுத்தான் நான் எழுந்திரிப்பேன்."