சிக்கடிகள் திரும்பி வந்த வருஷம்

ஹால்வர்சன் தொழிற்சாலை மூடி ஒரு பனிக்காலம் கழிந்ததும், 1970 ஏப்ரலில், விற்றுப்போன சிக்கடி கார்களில் முதலாவது டிரைவர் இல்லாமல் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது. மஞ்சள் கார். நெப்ராஸ்கா நம்பர் பலகை. பின் பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, பள்ளிக்கூடத்தின் முன்னால் வேகத்தைக் குறைத்து, தீயணைப்பு நிலைய முனையில் முறைப்படி நின்று, திரும்பும் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி, ஸ்டெல்லா யாரோஷ் வீட்டு வாசலில் வந்து என்ஜினை அணைத்துக்கொண்டது. ஸ்டெல்லா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முட்டைக்கோஸ் பவுண்டு ஒன்பது சென்ட். கத்தியோடு வெளியே வந்தவள், "யாரைப் பாக்கணும்?" என்று காரைக் கேட்டாள். கார் சும்மா நின்றது. மாலைக்குள் கன்சாஸிலிருந்து ஒன்றும் ஒஹையோவிலிருந்து இரண்டும் வந்து சேர்ந்தன. ஒஹையோக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வந்தன.

சிக்கடியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விஸ்கான்சினில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கெட்டில் ஹார்பரில் பிறந்த கார் அது. 1960இல், அமெரிக்காவின் பெரிய கார்களெல்லாம் படகு மாதிரி நீண்டு, பின்னால் மீன் துடுப்பு வைத்துக்கொண்டு அலைந்த காலத்தில், ஹால்வர்சன் கம்பெனி கட்டையாக, குட்டியாக ஒரு காரைச் செய்தது. குளிர் வந்தால் தெற்கே ஓடிவிடாமல் பனியிலேயே தத்திக்கொண்டு திரியும் ஒரு குட்டிப் பறவையின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆறு சிலிண்டர். எந்தக் குளிரிலும் முதல் திருகிலேயே கிளம்பும். ஹீட்டரைப் போட்டால் ஜனவரியிலும் கோட்டைக் கழற்ற வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்கள் அதை "சக்கரம் வச்ச டோஸ்டர்" என்று கிண்டல் செய்தார்கள். பள்ளி ஆசிரியைகளும் கன்னியாஸ்திரிகளும் விதவைகளும் வாங்கிக் குவித்தார்கள். ஊரே அதை வைத்துச் சாப்பிட்டது. பிறகு வாலிபப் பிள்ளைகளுக்கு நீண்ட மூக்கும் உறுமும் என்ஜினும் உள்ள கார்கள் மேல் ஆசை வந்தது. எங்கள் கம்பெனியும் 1966இல் சிக்கடிக்குப் பந்தயக் கோடு வரைந்து பார்த்தது. அது மாதாகோயில் பங்குச் சாமியார் நீச்சலுடை போட்ட மாதிரி இருந்தது. மூன்று வருஷத்தில் கதவைச் சாத்தினார்கள்.

கார்கள் வீடு தேடி வருவதன் காரணத்தை ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தாள். மஞ்சள் காரின் கதவு கடகடவென்று ஆடியது. தொழிற்சாலையில் கதவு மாட்டும் லைனில் ஒன்பது வருஷம் நின்றவளுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. உள்பக்க அட்டையைக் கழற்றினாள். உள்ளே தகரத்தில், சாக்பீஸால், மூன்று எழுத்துகள், சிலுவைக் குறிகள், வருஷம், கீழே ஒரு வீட்டு எண். தெருவையே கூட்டிவிட்டாள். "வாண்டா! ஓடி வாடி! இது என் கையெழுத்து. இது என் வீட்டு நம்பர்!"

எங்கள் போலந்துக்காரர்கள் வீட்டில் ஜனவரியில், குழந்தை ஏசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, சாமியார் மந்திரித்த சாக்பீஸால் வாசல் நிலையில் அந்த மூன்று ராஜாக்களின் முதலெழுத்தை எழுதுவார்கள். இந்த வாசல் வழியாகப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்பதுதான் அதன் ஜெபம். தொழிற்சாலையிலும் சாக்பீஸ் உண்டு. கதவை மாட்டியதும் மூன்று தடவை மூடி, காதை வைத்துச் சத்தம் கேட்டு, சரியென்றால் உள்ளே ஒரு குறியும் தன் ஊழியர் எண்ணும் போட வேண்டும். 1961 ஜனவரியில் பனிப்புயலில் லாரி வரவில்லை, கம்பெனி சாக்பீஸ் தீர்ந்துபோனது. பங்கு மாதர் சங்கத்தின் சாக்பீஸுக்குப் பொறுப்பாகவும், லைனில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்திலும் இருந்த வாண்டா பெல்சார், மிஞ்சிக் கிடந்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து லைனில் வைத்தாள். கையில் மந்திரித்த சாக்பீஸ், எதிரே கதவு, திருநாள் வாரம். பெண்களின் கை பழக்கதோஷத்தில் வீட்டு வாசலுக்கு எழுதுவதையே எழுதிவிட்டது. தன் எண் போட வேண்டிய இடத்தில் தன் வீட்டு எண். அழிக்க நேரமில்லை, லைன் நகர்ந்துகொண்டே இருந்தது. மறுநாளும் அதே கை. அந்தச் சாக்பீஸ் பெட்டிகள் தொழிற்சாலை மூடும்வரை தீரவில்லை. தீராத சாமானைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்?

மேஸ்திரி ஆர்னே டோலெஃப்ஸ்ருட் நார்வேக்காரர், லுத்தரன் சபைக்காரர். மனைவியை இழந்தவர். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் ஊருக்கு மழை வரும் என்பார்கள். கதவுக்குள் எழுதியிருப்பதைப் பார்த்தார். யூனியன் சமாசாரம் போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் போய்விட்டார்.

ஸ்டெல்லா அட்டையைக் கழற்றிக் காட்டிய அன்று தெருவே குதித்தது, வாண்டா மட்டும் வெளுத்துப்போனாள். அவளுக்கு ஒரே மகள், டெல்ஃபின். பள்ளி முடித்ததும் மகளைத் தன் பக்கத்திலேயே கதவு லைனில் சேர்த்துவிட்டிருந்தாள் வாண்டா. ஊழியர் சலுகையில் அவளுக்கு ஒரு சிக்கடிக்கும் சொல்லி வைத்தாள்: ஏரி நீலம், கூரை மட்டும் வெள்ளை. இரண்டாவது வாரமே மகள் வீட்டுக்கு வந்து ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டாள்.

"கதவை அடிச்சு அடிச்சு மூடியே என் ஆயுசு போகணுமாம்மா? நான் கலிஃபோர்னியா போறேன்."

"போ. போனவ போனவளாவே இரு. திரும்பி வந்து இந்த வாசப்படிய மிதிச்சிராத."

மறுநாள் காலை அந்த நீலக் கார் லைனில் வாண்டா முன்னால் வந்து நின்றது. கதவை மூன்று தடவை மூடிப் பார்த்தாள். சத்தம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. சாக்பீஸைக் கையில் எடுத்தாள். அதைத் திரும்பப் பெட்டியில் போட்டாள். ஒன்றும் எழுதாமல் தள்ளிவிட்டாள். அந்தக் கோடையிலேயே டெல்ஃபின் அதே காரில் ஏறிப் போனாள். கடிதம் கிடையாது, போன் கிடையாது. இப்போது நாட்டின் எந்த மூலையிலிருந்தும் சிக்கடிகள் வீடு திரும்புகின்றன. பெற்ற மகள் ஏறிப்போன காரில்தான் குறியில்லை, குறி போடாத கை தன் கை. இதை வாண்டா யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம்கூட.

மே மாதத்தில் கார்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. சொந்தக்காரர்கள் கைவிட்டவை, பழைய இரும்புக்குப் போட்டவை, கொட்டகையில் கோழி அடைய விட்டவை. மொன்டானாவிலிருந்து வந்த ஒன்றின் பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. முட்டைகள் உடையவில்லை. ஊர் திருவிழாவாகிவிட்டது. வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தவர்கள் தெருவில் இறங்கிக் கை தட்டினார்கள். தாங்கள் செய்த காரைத் தாங்களே அடையாளம் கண்டு கட்டிப்பிடித்து அழுதார்கள். டிரைவர் இல்லாத வண்டிக்கு அபராதச் சீட்டை யார் பேரில் எழுதுவது என்று போலீஸ்காரர் ஒரு வாரம் யோசித்து, பிறகு விட்டுவிட்டார். பனிக்காலம் வந்தால், பனி அள்ள வசதியாக, எங்கள் ஊர்ச் சட்டப்படி ஒற்றைப்படை தேதியில் தெருவின் ஒரு பக்கமும் இரட்டைப்படை தேதியில் மறுபக்கமும் வண்டி நிறுத்த வேண்டும். வீட்டுக்காரர்கள் மறந்தாலும் சிக்கடிகள் மறக்கவில்லை. தாமாகவே கிளம்பி, வரிசையாகப் பக்கம் மாறிக்கொண்டன. ஆண்கள் பூட்டிய தொழிற்சாலையின் கொட்டகையைத் திறந்து அவற்றைப் பழுது பார்த்து, வண்ணம் பூசி, திரும்ப விற்றார்கள். புதுச் சொந்தக்காரர் அலட்சியமாக வைத்தால் கார் திரும்ப வந்துவிடும், அதையே இன்னொருவருக்கு விற்பார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் விற்றார்கள். வாங்கினவர்களும் அதற்காகவே நன்றாக வைத்துக்கொண்டார்கள்.

வாண்டா வீட்டு வாசலில்தான் கூட்டம் அதிகம். லைனில் அவள் கை வேகம். என்ஜின் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடி வருவாள். பச்சை வரும், சிவப்பு வரும், நீலம்கூட வரும், கூரையும் நீலமாக இருக்கும். அது வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடுவாள். "யாரடி தேடுற? உனக்கு வந்த காரு போதாதா?" என்று ஸ்டெல்லா வேலிக்கு மேலாகக் கேலி செய்வாள். வாண்டா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவாள்.

ஊரில் கார் ஒன்றும் வராத வாசல் ஆர்னேயுடையது. மேஸ்திரி குறி போடுவதில்லை, அவருக்கு எப்படி வரும்? அவரிடம் சொந்தமாகவும் கார் இல்லை, எங்கும் நடந்துதான் போவார். ஆனால் நவம்பரில் பனி விழ ஆரம்பித்ததும், வாசலில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு அகலமாகத் தள்ளி ஒதுக்குவார். தினமும். "ஆர்னே, யாரு வரப்போறா, பிரசிடென்டா?" என்று தெருப்பிள்ளைகள் கேட்டால் மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்து, "வரலாம்" என்பார். அன்று மழைக்குப் பதில் பனி பெய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வாண்டா உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். தெருக்கோடியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "வாண்டா! நீலம்! கூரை வெள்ளை! ஆர்னே வாசல்ல நிக்குது! வாண்டா, உள்ள ஆள் இருக்குடி!"

வாண்டா அப்படியே ஓடினாள். காலில் வீட்டுச் செருப்பு, இடுப்பில் ஏப்ரன், கையில் அடை திருப்பும் கரண்டி. பனியில் வழுக்கினாள், எழுந்தாள், ஓடினாள். தெருவின் இரண்டு பக்கமும் நின்ற சிக்கடிகள் அவள் கடக்கக் கடக்க முன்விளக்கை எரித்து ஹார்ன் அடித்தன. அத்தனை வருஷத்தில் அவள் மூடிப் பார்த்த கதவுகள் எல்லாம் படபடத்தன. சபைக் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த லுத்தரன்கள்கூட ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். அவர்கள் அப்படியெல்லாம் செய்கிறவர்கள் இல்லை.

ஆர்னே ஒதுக்கி வைத்த இடத்தில், அளவெடுத்த மாதிரி, கார் நின்றது. கதவைத் திறந்துகொண்டு டெல்ஃபின் நின்றாள். மெல்லிய சட்டை, வெயிலில் கறுத்த முகம், பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. ஆர்னே தன் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டு, சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் குறி போடலியே," என்றாள் வாண்டா. மகளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "ஆத்திரத்துல போடாம விட்டுட்டேன். இது எப்படி வந்துச்சு?"

"குறி இல்லாத கதவு லைன விட்டுப் போகக்கூடாது, மிஸஸ் பெல்சார்," என்றார் ஆர்னே. "விதி. நான் போட்டேன். எல்லாரும் அவங்க அவங்க வீட்டு நம்பர் போட்டிருந்தாங்க. நானும் என் வீட்டு நம்பர் போட்டேன்." ஊர் அறிய அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. முகம் சிவந்துபோய் மண்வெட்டியைத் தேடினார்.

"இது உன் வாசல் இல்லியேம்மா," என்றாள் டெல்ஃபின். "உன் வாசப்படிய நான் மிதிக்கல."

மகள் வந்த கதையைச் சொன்னாள். காரைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டாளாம். டேஷ்போர்டில் விட்ட கறுப்புக் கண்ணாடியை எடுக்க உள்ளே உட்கார்ந்ததும் கதவு மூடிக்கொண்டு கிளம்பிவிட்டதாம். பாலைவனம், மலை, சோளக்காடு.

"அடி பாவி, பயந்துட்டியா? இறங்க விடலியா உன்ன?"

"விட்டுச்சும்மா. ஒவ்வொரு பெட்ரோல் பங்க்லயும் நின்னு கதவத் திறந்து விட்டுச்சு. எதிர்லயே பஸ் நிக்கும், கலிஃபோர்னியாவுக்கு." ஆர்னேயின் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "காபி குடிச்சிட்டு ஒவ்வொரு தடவையும் நானாத்தான் திரும்ப ஏறுனேன்."

வாண்டா கரண்டியைப் பனியில் போட்டுவிட்டு மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள், தெருவே சேர்ந்து அழுதது, ஸ்டெல்லா எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். வாண்டா வீட்டு அடைகள் கரியாகிவிட்டன. ஆர்னே வீட்டு அடுப்பில்தான் எல்லோருக்கும் காபி கொதித்தது.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று வாண்டா கதவின் அட்டையைக் கழற்றினாள். ஆர்னேயின் எழுத்தில் ஒரு சிலுவை சாய்ந்திருந்தது. அதை அழிக்காமல், அதன் கீழே தன் வீட்டு எண்ணை எழுதினாள். மறுநாள் டெல்ஃபின் அதே காரில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினாள். அங்கே அவளுக்கு வேலை இருந்தது. இந்தத் தடவை வாண்டா வாசலில் நின்று கையசைத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் நீலக் கார் அவளை ஏற்றிக்கொண்டு வருகிறது. முதலில் ஆர்னே வாசலில் ஒரு காபி குடிக்கும் நேரம் நிற்கிறது, பிறகு வாண்டா வீட்டுக்குப் போகிறது. அது வரும் வாரத்தில் பனி தள்ளுகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, திரும்பத் தள்ள ஆரம்பிப்பார்கள். முட்டைக்கோஸ்தான் இப்போது விலை ஏறிவிட்டது.