சாப்பாட்டுக்குப் பின் மூன்று

"ஒரு நாளைக்கு எத்தினி பீடிய்யா?"

"ரெண்டு கட்டு ஆவுதுங்க டாக்டரையா. நைட் ஷிப்டுன்னா இன்னும் அரைக் கட்டு."

"அம்பது அறுபதா? நீ மனுஷனா, மில்லு பொகக் கூண்டா? மூணாக் கொறை."

"மூணு கட்டுங்களா?"

"அடி வாங்குவே. மூணு பீடி!"

"சாப்பாட்டுக்கு முன்னாலங்களா, பின்னாலங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "பின்னால. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போதுமா? எழுதியே தரேன். உன் பொண்டாட்டி பாத்துக்கட்டும்."

எழுபத்துநாலாம் வருஷத்து ஐப்பசியில், முருகையன் இருமலுக்கு மருந்து வாங்க வந்தபோது நடந்த பேச்சு இது. ஒன்பது வருஷம் ஆகியும் செல்வாம்பாளுக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. முத்தியால்பேட்டையில் அதே டாக்டர் சூசைநாதன் வீட்டு முன்னறையில், அதே பெஞ்சில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்பு உறைக்குள் எக்ஸ்ரே படம். பக்கத்தில் அவள் புருஷன் முருகையன், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து இங்கே வர மூன்று தெரு. ஐந்து இடத்தில் நின்று வந்தார்கள்.

அன்றைக்குக் கொடுத்த சீட்டு அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. மருந்துப் பெயர்களெல்லாம் டாக்டரின் கிறுக்கலில், யாருக்கும் புரியாது. கடைசி வரி மட்டும் அவள் படிக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில், தமிழில்: 'பீடி - 3. சாப்பாட்டுக்குப் பின்.' அதை எழுதும்போது அவர் இடது கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

"ஒரு மாசம் கழிச்சு வா, மேக்கொண்டு பாக்கலாம்" என்றும் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மூன்று வாரத்தில் இருமல் நின்றுவிட்டது. இருமல் நின்ற பிறகு டாக்டரிடம் போய் என்ன சொல்வது? அவர்கள் போகவில்லை.

செல்வாம்பாள் அந்தச் சீட்டைச் சும்மா விடவில்லை. மூன்று வயது மகள் தனக்கொடிக்குத் தொண்டை அடைத்து முகம் நீலம் பாய்ந்த அன்று, மாதா கோயில் பூசையிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்து பிழைக்க வைத்தவர் சூசைநாதன். அவர் எழுதினால் எழுதினதுதான். பழைய மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, தினம் காலையில் எண்ணி மூன்று பீடி போடுவாள். மீதிக் கட்டு அரிசிப் பானைக்குள் போய்விடும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்து, முருகையன் கையை நீட்டுவான்.

"நர்சம்மா, மருந்து."

"ஒண்ணுதான். அப்பறம் கேட்டா ஊசி."

அவளே தீக்குச்சி கிழித்துப் பற்ற வைப்பாள். கல்யாணமாகி அதுவரை ஓடின பதினொரு வருஷத்தில், ஷிப்டும் சமையலும் பிள்ளையுமாக இருந்த வீட்டில், அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததே அந்தச் சீட்டு வந்த பிறகுதான். அவன் மில் கதைகளைச் சொல்வான். தறி மேஸ்திரி போல நடந்து காட்டுவான். பீடி அணைகிற வரைக்கும் அவன் எழுந்திருக்க மாட்டான். அவளுக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. அந்தப் பாவத்தை யாரிடம் போய்ச் சொல்வாள்?

நடுவில் டாக்டரை எங்கே பார்த்தாலும் அவர் விரலை ஆட்டிக் கேட்பார். "மூணுதானே?"

"மூணுதாங்க டாக்டரையா. மேல ஒண்ணு கிடையாது."

"கெட்டிக்காரன்! என்னாலயே முடியல பாரு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார். ஒரு மாசம் கழித்து வரச் சொன்னதை அவரும் மறந்துபோனார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் முருகையனுக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் நாலு வாய் குடித்ததும் கையை நீட்டினான்.

"இன்னைக்கு வேணாங்க. ஒங்களுக்கே புடிக்கலையே."

"புடிக்கலதான். கசக்குது. அதுக்காக மருந்த நிறுத்துவாங்களா? குடு."

அவள் கொடுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் உடம்பு முழுக்கக் குலுங்கிற்று. கண்ணில் தண்ணீர் வழிய, கடைசி வரை இழுத்து முடித்துவிட்டுத்தான் படுத்தான். எரிந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போய் ஒன்று கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

கேட்கத்தான் முடியவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று போனாள். தனக்குக் கால் வீக்கம் என்று போனாள். ஒவ்வொரு தடவையும் தொண்டை வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் விரல் இடுக்கில் சிகரெட் இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சு உள்ளே போய்விடும். பிள்ளையைப் பிழைக்க வைத்தவரிடம், நீங்கள் எழுதினது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

போன வாரம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி. படத்தைப் பார்த்துவிட்டு, "பீடி உண்டா?" என்று கேட்டாள்.

முருகையன் நெஞ்சை நிமிர்த்தினான். "மூணுதாம்மா. டாக்டர் எழுதிக் குடுத்தது."

டாக்டரம்மா சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அவனிடம் பேசாமல் செல்வாம்பாளிடம் பேசினாள். "பழைய பீடியும் மில்லுப் பஞ்சும் சேர்ந்து நுரையீரல்ல பாதிக்கு மேல கெடுத்துடுச்சும்மா. போனது திரும்பி வராது. இன்னைக்கே அடியோட விட்டா மிச்சம் நிக்கும். இல்லைன்னா அடுத்த மழக்காலம் தாண்டறது கஷ்டம். ஒரு பீடிகூட மருந்து இல்ல."

வெளியே வந்ததும் முருகையன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. "நேத்துப் படிச்சிட்டு வந்த பொண்ணு. அதுக்கு என்னா தெரியும்? நம்ம டாக்டரு சொல்லட்டும், இந்த நிமிஷமே விட்டுடறேன். அவரு பேச்ச நான் எப்பவாச்சும் தட்டியிருக்கனா?"

அது நிஜம். அறுபது பீடியை மூன்றாக்கியவன் அவன். அவர் சொன்னால் மூன்றையும் விட்டுவிடுவான். அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"முருகையா, வாய்யா!" உள்ளேயிருந்து குரல் வந்தது.

சூசைநாதனுக்கும் வயதாகியிருந்தது. தலை முழுக்க வெளுத்து, விரல் நுனிகளில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. மேசையில் பித்தளைச் சாம்பல் கிண்ணம் நிறைந்து கிடந்தது. சிகரெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். புகை படத்தின் மேல் ஏறிக் கலைந்தது.

"எத்தினி இப்ப?" என்றார், திரும்பாமல்.

"மூணுதாங்க. நீங்க எழுதினபடி."

"நான் எழுதினபடியா?"

செல்வாம்பாள் முடிச்சை அவிழ்த்துச் சீட்டை மேசையில் வைத்தாள். மடிப்புகளில் கிழிந்து, நாலு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் கையெழுத்தையே படித்தார். அவர் முகம் சுருங்கிற்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர்; பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார்.

"ஒன்பது வருஷமாவா?"

"ஒரு வேள தவறலீங்க. காச்சல்லகூட நிறுத்தல" என்றான் முருகையன் பெருமையாக. "இவதான் எடுத்துக் குடுப்பா. இவளையே கேளுங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். சிகரெட்டைக் கைக்கு மாற்றிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருக்கே இருமல் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். பிறகு கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். வெள்ளைத் தாளை இழுத்து வைத்தார். மூடியைத் திருகிப் பேனாவைத் திறந்தார்.

"ஒரேயடியா விடுன்னா ஒடம்பு தாங்காது... வயசாச்சு இல்ல ஒனக்கும்" என்றார் தாளிடம் பேசுவது போல. "ரெண்டாக் கொறைச்சுக்கோ. அப்பறம் பாக்கலாம்."

முருகையனின் முகம் மலர்ந்தது. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சரிங்க டாக்டரையா. மத்தியானத்த விட்டுடறேன். பாத்தியா செல்வா, நான் சொன்னனா இல்லையா?"

பேனா முனை தாளைத் தொட்டது. 'பீடி' என்று எழுதிவிட்டது. கொட்டை எழுத்தில், தமிழில், அவள் படிக்க வேண்டும் என்று.

செல்வாம்பாளுக்கு அந்தத் தீக்குச்சிகளெல்லாம் ஞாபகம் வந்தன. ஒன்பது வருஷம், தினம் மூன்று. அவள் கிழித்தவை. பக்கத்தில் அவன் மூச்சு, ஓட்டை விழுந்த துருத்திபோல ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு ஆறு மாசம் இருக்கிறது.

அவள் எழுந்து நின்றாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டித் தாளின் மேல் வைத்தாள். டாக்டரின் பேனா அவள் விரலில் நீலக் கோடு போட்டு நின்றது.

"ஏய், என்னா பண்றே?" என்று பதறினான் முருகையன்.

"எழுதாதீங்க டாக்டரையா." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நாலு வருஷமா கேக்கணும்னு வந்து வந்து கேக்காமப் போயிட்டேன். இவரு என் பேச்சக் கேக்க மாட்டாரு, அந்தப் பெரியாஸ்பத்திரி அம்மா பேச்சக் கேக்க மாட்டாரு. ஒங்க பேச்சத்தான் கேப்பாரு. அடியோட விட்டுடுன்னு ஒங்க வாயால சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி, கையில இருக்கறத நீங்க கீழ வச்சிடுங்க."