பச்சைப் பம்பு

குடிநீர் நிலைய ஆபரேட்டர், தண்ணீர் பிடித்த பாட்டிலில் பொடியைப் போட்டு, மூடியில் வெள்ளைக் காகிதத்தைச் செருகிவிட்டு மணி பார்த்தான். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் நல்ல தண்ணீர், பழுப்பானால் ஆர்செனிக் விஷம். தினமும் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்கிற சோதனைதான். இன்று பாட்டிலில் இருந்தது அண்ணி வீட்டுக் கைப்பம்புத் தண்ணீர்.

அண்ணி காலிக் குடத்தோடு பக்கத்தில் நின்றாள். "எதுக்குத் தம்பி இது? தெரு பூரா விஷம்னு செவப்பு பெயிண்ட் அடிச்சப்பவே என் பம்புக்கு மட்டும் பச்சை அடிச்சாங்களே."

அவன் கொல்லைச் சுவரைப் பார்த்தான். பயமாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் நிலையத்தின் குழி. தண்ணீரிலிருந்து பிரிக்கிற விஷமெல்லாம் செஞ்சேறாகிக் குழாய் வழியே அதில்தான் விழுகிறது. விளிம்பில் வழிவதை இரண்டு வருடமாக அவன்தான் வாரிச் சுவரோரம் கொட்டுகிறான். இந்த மழையில் குழி நிரம்பிச் சுவரே ஊறிப்போயிருந்தது.

சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கும்போதே இன்ஜினியரிடம் கேட்டான், சேறு எங்கே போகும் என்று. "இருக்கறதுலயே இதுதான்பா விலை கம்மி. முதல்ல தண்ணி வரட்டும், சேத்தை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். சிமெண்ட் தொட்டி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தான். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

ஏழாவது நிமிடம் காகிதம் மஞ்சளானது. பத்தாவது நிமிடம் பழுப்பு.

இன்ஜினியருக்குப் போன் செய்தான். "பதிவேட்டுல எழுதட்டுமா சார்?"

"அதுல நம்ம தண்ணிக்குத்தான் கட்டம் இருக்கு. அந்தப் பம்பு நம்ம பொறுப்பில்ல. செவப்பு அடிச்சு விட்டுடு."

"தலைவலி போயி திருகுவலி வந்த கதையா இருக்கே," என்றாள் அண்ணி. "மழைக்காலம் பூரா இதத்தானே தம்பி குடிச்சோம்."

"அந்தச் சேத்தைச் சுவரோரம் நான்தான் அண்ணி கொட்டினேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "இனிமே எங்க பிடிக்கறது?"

"நம்ம நிலையத்துலதான்."

பச்சையின் மேல் அவனே சிவப்பை அடித்தான். பிறகு நிலையத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டான். அண்ணியின் குடத்தில் தெளிந்த தண்ணீர் விழுந்தது. குடம் பாதி நிறைவதற்குள், அவள் வீட்டுச் சுவரை ஒட்டிய குழியில் கழிவுக் குழாய் ஒருமுறை செருமிவிட்டுச் செஞ்சேற்றைக் கக்கத் தொடங்கியது.