மூன்று சாம்பிளும் ஒரு ஜன்னல் சீட்டும்

இலவசம் என்று எதைக் கொடுத்தாலும் நதியா முதலில் அதைத் திருப்பிப்போட்டுத் தையலைப் பார்ப்பாள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வருடக்கணக்காக நிற்கிறவள். கண் அப்படிப் பழகிவிட்டது. அப்பேர்ப்பட்டவளே ஒரு வாரமாகக் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஊர் சுற்றிய கதையை எழுதிப்போட எந்த இலவச வலைப்பூத் தளம் தேவலை என்று தேடிக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்தச் சித்ரகலாவுக்காகத்தான்.

கலா அதே டேபிளில் எதிரே நின்றவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், இரண்டு பேரும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஜன்னல் சீட் கலாவுக்கு. அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டாள், சண்டைக்காரி. கல்யாணமாகிப் பொங்கலூர் போன பிறகும் இந்தச் சுற்றல் நிற்கவில்லை. இப்போது அவள் உண்டாகியிருந்தாள். பிள்ளை தங்க வேண்டுமானால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"நீ போறத நிறுத்தாத புள்ள," என்றாள் கலா போனில். "போயிட்டு வந்து எழுதிப் போடு. வாட்ஸாப் வேண்டாம், என்ற போன்ல எடமே இல்ல, வர்றதையெல்லாம் அழிச்சிட்டே கெடக்கறேன். எப்பத் தொறந்தாலும் ஒரே எடத்துல இருக்கோணும். இந்த மோட்டுவளையையே பாத்துப் பாத்துக் கிறுக்குப் புடிக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு நதியாவுக்குத் தெரியாதா என்ன?

கம்பெனியில் மெர்ச்சண்டைசர் சதீஷ்குமாரிடம் போய் நின்றாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு நாள் முழுக்கக் கணினியில் மாரடிக்கிறவர் அவர்.

"ஏனுங்க நதியா, காசு வாங்கலீன்னா வேற எதையாச்சும் வாங்குவானுங்க. விளம்பரம் போடுவான், இல்லாட்டி உங்க விவரத்தைக் கேப்பான். எதைக் குடுக்கலாம்னு நீங்கதானுங்க முடிவு பண்ணோணும்."

"அப்போ சாம்பிள் போட்டுப் பாத்துருதேன் சார்," என்றாள். அவளுடைய வீட்டார் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவர்கள். பேச்சில் அது இன்னும் போகவில்லை.

திருப்பூரில் எந்தச் சட்டையையும் எடுத்த எடுப்பிலேயே ஆயிரக்கணக்கில் தைத்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு சாம்பிள். துவைத்துச் சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்து, பையர் 'அப்ரூவ்டு' என்ற பிறகுதான் பல்க், அதாவது மொத்தச் சரக்கையும், ஓட்டுவார்கள். நதியாவும் அப்படியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கொமரலிங்கம் போய்வந்து ஒரு கட்டுரை எழுதி, அதே கட்டுரையை, அதே ஆற்றுப் படத்தோடு மூன்று தளங்களில் ஏற்றினாள்.

முதல் தளம் அழகோ அழகு. படம் திரை முழுக்க விரிந்தபோது நதியா வாயைப் பிளந்தாள். இரண்டாவதில் எழுத்தை விதவிதமாக மாற்றலாம். பாதி நாள் அந்த விளையாட்டிலேயே போயிற்று. மூன்றாவது மொட்டை. வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அயர்னிங் செக்‌ஷன் மூலையில், சிக்னல் செத்துக்கிடக்கும் இடத்திலும் சட்டென்று திறந்தது. இருந்தும் அவள் மனசு முதலாவதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"நமக்குப் புடிச்சு என்னங்க ஆகப்போகுது? பையருக்கு அனுப்புங்க," என்றார் சதீஷ்குமார்.

மூன்று லிங்க்கும் பொங்கலூருக்குப் போயின. மறுநாள் மதியம் பையரம்மாவே கூப்பிட்டாள்.

"மொத சாம்பிள் ரிஜெக்ட். படிக்கறதுக்கே பாஸ்வேர்டு கேக்குது, என்ற ஊட்டுலயே என்னை யாருன்னு கேக்கற மாதிரி. ரெண்டாவதும் ரிஜெக்ட். ஆத்துக்கு நடுவுல போர்வெல் விளம்பரம் வருது புள்ள! மூணாவது ஓகே. எழுத்தைப் பெருசு பண்ணிப் படுத்துட்டே படிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா சரக்கு ரிஜெக்ட்."

நதியாவுக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, என்ன கொறையக் கண்ட?"

"அமராவதி ஓடுது, தென்னந்தோப்பு இருக்குது, கோயில் பழசு. இதை எவ வேணாலும் எழுதுவா. நீ என்ன தின்ன? யாருகூடச் சண்டை போட்ட? ஜன்னல் சீட்டுல யாரு உக்காந்தா? அதெல்லாம் எங்க புள்ள?"

ஜன்னல் சீட்! அதைத்தான் எழுதிவிட்டு அழித்திருந்தாள். படுத்துக்கிடக்கிறவளிடம் போய் அதைச் சொல்லி நோகடிப்பானேன் என்றுதான்.

போனை வைத்ததும், கேன்டீனில் சோறு ஆறிக்கொண்டிருக்க, மொட்டைத் தளத்தைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினாள். உடுமலையில் டவுன் பஸ் ஏறியதும் ஜன்னல் சீட்டில் தன் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது. முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற அம்மா கேட்டபோது, "ஆளு வருது" என்று வாய் கூசாமல் புளுகியது. "எந்த ஸ்டாப்புலீங்க ஏறுவாங்க உங்காளு?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. அப்போதும் பையை எடுக்காதது. ஆற்றங்கரையில் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுப் பணியாரம் வாங்கி, ஒன்றை நாய்க்குப் போட்டது. 'நீ இல்லாம எனக்கு எந்த ஊரும் புடிக்கலட்டி' என்று முடித்தாள். மனசு மாறுவதற்குள் பட்டனை அழுத்திவிட்டாள்.

சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தவுடன் திறந்து பார்த்தாள். கட்டுரைக்குக் கீழே ஒரு பின்னூட்டம். பெயர் கேட்காத தளம், பெயர் இல்லை. தேவையும் இல்லை.

'அப்ரூவ்டு. பல்க் ஓட்டு. அடுத்த வாரம் பையை மடில வெச்சுக்க, பாவம், நிக்கறவங்க உக்காரட்டும். நாந்தான் இங்கிருந்தே வந்துட்டனல்ல புள்ள.'