மாடிப்படியில் கீழ்ப்பக்கம்

என் மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து வீடு மாற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறோம். அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எதுவானாலும் ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். மாடிப்படியில் இறக்கும்போது கீழே நிற்பவன் மேல்தான் பாரம் முழுதும் சாயும். அந்தக் கீழ்ப்பக்கத்தை நான் அவனுக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. மீசை வந்து எத்தனை காலமானாலும் எனக்கு அவன் சின்னப் பையன்தான்.

கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டது எனக்கு. அதுவும் ஒழுங்காகப் பிடித்ததா? புட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் வந்து சுண்டி இழுத்தது. மாமியார் வாயு என்றார். நான் கெண்டைக்காலில் தைலத்தைத் தோல் உரியத் தேய்த்தேன். டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதுகைத் தொட்டார். முதுகெலும்பிலிருந்து காலுக்குப் போகும் பெரிய நரம்பு அங்கே நசுங்குகிறதாம். அலறுவது மட்டும் காலில். படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அதுவரை பாரம் தூக்கக் கூடாது என்றார். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே ஓடி வரவேண்டுமாம். நடக்கவே முடியாதவனை ஓடி வரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ராத்திரி முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளத் தன் தலையணையையே கொடுத்துவிட்டாள் என் மனைவி. மச்சான் தினமும் சாயங்காலம் வந்து, கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனான். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

பிறகு எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார். மச்சானோடு வாட்டசாட்டமாக ஒரு புது ஆள் வேலை செய்கிறாராம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. காலில் இழுப்பதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். நான் குணமாகிப் போய் நிற்கும்போது என் இடத்தில் இன்னொருவன் இருந்தால்? அவனோடு சேர்ந்து செய்யாத வேலை எனக்கு எதற்கு?

எந்த வீட்டில் வேலை என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையைத் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

அங்கே மாடிப்படியில் ஒரு பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. மேலே புது ஆள். கீழே, பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, வியர்வையில் குளித்தபடி என் மச்சான். என்னைப் பார்த்ததும் பீரோவைத் தரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவ்வளவு தூரம் நடந்தா வந்தீர்கள் என்று வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"என் இடத்துக்கு ஆள் பிடிச்சிட்ட, இல்ல?" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க இடத்துல நான்ல நிக்கிறேன், மச்சான். அவர் நின்னாரே மேல, அதுதான் இனிமே உங்க இடம். பாரம் அவ்வளவா தெரியாது. நீங்க வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொல்லியிருக்கேன். முன்னாடியே சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்க."

இவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம். புது ஆள் மட்டும் அங்கே இல்லாவிட்டால் அவனைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன்.

அவன் மறுபடி பீரோவைத் தூக்க, இடுப்பை வளைத்துக் குனிந்தான். ஒரு அதட்டு அதட்டினேன்.

"முட்டிய மடக்கித் தூக்குடா. எனக்கு இருக்கறது ஒரே ஒரு மச்சான்."